திறவுகோல் யார் கையில்?

2025ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள், காயின்டிசிஎக்ஸ் என்னும் இந்திய கிரிப்டோ பரிமாற்ற நிறுவனத்தின் செயல்பாட்டுக் கணக்கு ஒன்றிலிருந்து ஏறத்தாழ 44 மில்லியன் டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவு போயின. நம் பணத்தில் இது 370 கோடி ரூபாய்க்கும் அதிகமாகும். வாடிக்கையாளர்களின் நாணயங்கள் தனியே பாதுகாக்கப்பட்டிருப்பதாகவும், இழப்பை நிறுவனமே ஏற்றுக்கொள்ளும் என்றும் அதன் தலைவர்கள் அறிவித்தனர். பெங்களூரு வைட்ஃபீல்டு பகுதிக் காவல் துறையின் இணையக் குற்றப் பிரிவு இதுபற்றி வழக்குப் பதிவு செய்து, அம்மாத இறுதியில் அந்நிறுவனத்தின் மென்பொருள் பொறியாளர் ஒருவரைக் கைது செய்தது. பகுதிநேர வேலை தருவதாக அணுகிய அந்நியர்களின் வழியே அவரது அலுவலக மடிக்கணினியில் தீநிரல் புகுந்திருக்கலாம் என்று காவல் துறையினர் ஐயுற்றதாகச் செய்திகள் வெளியாயின.

இவ்வழக்கின் முடிவை நீதிமன்றம் கூறும். ஆயினும் அது எழுப்பும் வினா ஒன்று நம் வாடிக்கையாளர் பலருக்கும் உரியது. கணினியில் புகுந்த ஒரு தீநிரல் பல கோடி ரூபாயைத் திறந்துவிட முடியுமானால், அப்பணத்தின் திறவுகோல் எங்கே, எவரிடம் இருக்க வேண்டும்? இதற்கு விடையாகச் சொல்லப்படுவதே ஹார்டுவேர் வாலட் என்னும் வன்பொருள் பணப்பை. அது எதைக் காக்கும், எதைக் காக்காது, அதை எவ்வாறு அமைத்துக்கொள்வது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறோம். கிரிப்டோ நாணயங்களில் முதலீடு செய்யுமாறு நாம் எவருக்கும் பரிந்துரைக்கவில்லை. இந்திய ரிசர்வ் வங்கி 2013 டிசம்பர் 24 அன்றே இவற்றின் இடர்கள் குறித்துப் பொதுமக்களை எச்சரித்தது; 2017இல் இருமுறை அதை வலியுறுத்தியது. வங்கி வைப்புக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. கிரிப்டோ நாணயத்திற்கு அத்தகைய காப்பீடு எதுவும் இல்லை. எனினும், பெங்களூருவின் தொழில்நுட்ப வளாகங்களில் பணிபுரியும் இளைஞர் பலரிடம் இந்நாணயங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அவர்களுக்காகவும், அவர்களுடைய பெற்றோர், துணைவருக்காகவுமே இதை எழுதுகிறோம்.

பெங்களூருவும் பிட்காயினும்

இந்நகரத்திற்கு இப்பொருள் புதிதன்று. நாட்டின் தொடக்ககாலப் பிட்காயின் நிறுவனங்களுள் ஒன்றான யூனோகாயின் 2013இல் இங்கிருந்தே செயல்படத் தொடங்கியது. 2018 ஏப்ரலில், இத்தகைய நிறுவனங்களுக்கு வங்கிச் சேவை அளிக்கக் கூடாதென ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை வெளியிட்டது. அவ்வாண்டு அக்டோபரில் பழைய விமான நிலையச் சாலையிலுள்ள கெம்ப் ஃபோர்ட் வணிக வளாகத்தில் அந்நிறுவனம் ஏடிஎம் போன்றதோர் இயந்திரத்தை நிறுவியது. காவல் துறை அதைப் பறிமுதல் செய்தது, நிறுவனர்கள் கைதாயினர். 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் ரிசர்வ் வங்கியின் அச்சுற்றறிக்கையை நீக்கியது.

இன்று இந்நாணயங்களை வைத்திருப்பது சட்டவிரோதம் ஆகாது. ஆனால் அவை நாட்டின் செலாவணியும் அல்ல. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், கிரிப்டோ நாணயம் பணம் அன்றெனினும் உடைமையாகக் கொள்ளத்தக்க ஒரு சொத்தே என்று கூறியது. வாசீர்எக்ஸ் நிறுவனத்தில் தம் நாணயங்கள் முடக்கப்பட்ட வாடிக்கையாளர் ஒருவர் தொடுத்த வழக்கில் இக்கருத்து வெளியாயிற்று. நாணயங்களைப் பரிமாற்ற நிறுவனத்திடமே விட்டுவைத்தவர், அந்நிறுவனத்திற்கு இடர் நேரும்போது நீதிமன்றத்தை நாட வேண்டியதாகிறது. நாணயங்களைத் தம் பொறுப்பில் வைத்துக்கொள்ள விழைவோர் பெருகியதற்கு இதுவே காரணம்.

நாணயம் கருவிக்குள் இல்லை

வன்பொருள் பணப்பையைக் கையில் எடுத்தவுடன் பலரும் கருதுவது, நாணயங்கள் அதனுள் சேமிக்கப்பட்டுள்ளன என்பதாகும். இது சரியன்று. பிட்காயின் போன்றவை பிளாக்செயின் என்னும் பொதுப் பேரேட்டில் உள்ள பதிவுகள். அப்பேரேட்டின் படிகள் உலகெங்குமுள்ள பல்லாயிரம் கணினிகளில் இருக்கின்றன. ஒரு பதிவை வேறொருவர் பெயருக்கு மாற்றும் உரிமையைத் தருவது ஒரு மிகப்பெரிய இரகசிய எண். அதுவே தனித் திறவுகோல். அதை அறிந்தவர் எவரோ அவரே உரிமையாளர்; பேரேடு வேறு அடையாளம் எதையும் கேட்பதில்லை.

எனவே இக்கருவி காப்பது அந்த எண்ணை மட்டுமே. செக் குடியரசின் டிரெசர் நிறுவனம் 2014இல் முதல் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது; பிரான்சின் லெட்ஜர் நிறுவனமும் அதே ஆண்டில் தோன்றியது. இரண்டின் அடிப்படையும் ஒன்றே. திறவுகோல் கருவிக்குள்ளேயே உருவாகி உள்ளேயே தங்குகிறது. பணம் அனுப்ப வேண்டுமெனில் அதற்கான கோரிக்கை கணினியிலிருந்தோ கைப்பேசியிலிருந்தோ கருவிக்குள் செல்லும். கருவி அதில் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பும். காசோலைத் தாள் பூட்டிய அறைக்குள் சென்று கையெழுத்துடன் வெளியே வருவதைப் போன்றது இது. கையெழுத்திடுபவர் அறையைவிட்டு வருவதே இல்லை. கணினியில் தீநிரல் இருந்தாலும் திறவுகோலை அது காண இயலாது.

திறவுகோல் உள்ளேயே இருப்பதன் அருமையை 2018இல் டெல்லியின் காயின்செக்யூர் நிறுவனத்திற்கு நேர்ந்தது உணர்த்தும். அந்நிறுவனம் 438 பிட்காயின்களை இழந்தது. வாடிக்கையாளர்களுக்குப் பிட்காயின் கோல்டு என்ற கிளை நாணயத்தைப் பிரித்துத் தரும் பணியின்போது இழப்பு நேர்ந்ததாக நிறுவனம் தெரிவித்தது. திறவுகோலை எடுத்துக் கையாளும் ஒவ்வொரு தருணமும் இடர் நிறைந்த தருணமே.

வாங்கும்போது

கருவியை உற்பத்தியாளரிடமிருந்து நேரடியாகவோ அவரால் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடமிருந்தோ மட்டுமே வாங்க வேண்டும். எஸ்.பி. ரோட்டின் கடைகளில் ஒருமுறை பயன்படுத்திய மடிக்கணினியை வாங்கிப் பயனடைந்தோர் நம்மிடையே பலர் உண்டு. இக்கருவிக்கு அப்பழக்கம் பொருந்தாது. 2023இல் காஸ்பர்ஸ்கை நிறுவனத்தின் ஆய்வாளர்கள் போலி டிரெசர் கருவி ஒன்றைப் பிரித்து ஆராய்ந்தனர். வெளித்தோற்றமும் இயக்கமும் அசலைப் போன்றே இருந்தன. உள்ளேயிருந்த சில்லு மட்டும் மாற்றப்பட்டிருந்தது. அது உருவாக்கித் தரும் திறவுகோல்கள் அனைத்தும் மோசடிக்காரர் முன்னரே அறிந்தவை.

பெட்டியைத் திறந்ததும் இரண்டைக் கவனியுங்கள். புதிய கருவியில் பின் எண் எதுவும் முன்கூட்டியே அமைந்திருக்கக் கூடாது. மீட்புச் சொற்கள் எழுதப்பட்ட அல்லது அச்சிடப்பட்ட தாள் பெட்டிக்குள் இருந்தால், அக்கருவியை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். பிறகு, உற்பத்தியாளரின் இணைய முகவரியை நீங்களே தட்டச்சு செய்து அவரது செயலியைப் பதிவிறக்குங்கள். தேடுதளத்தில் முதலில் தோன்றும் விளம்பரத்தைச் சொடுக்க வேண்டாம். கருவி அசல்தானா என்னும் சோதனையையும் உள்மென்பொருள் புதுப்பித்தலையும் அச்செயலியே வழிநடத்தும்.

மீட்புச் சொற்கள்

கருவியை முதன்முறை இயக்கும்போது அதன் திரையில் 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்கள் ஒவ்வொன்றாகத் தோன்றும். 2,048 சொற்கள் கொண்ட ஒரு பொதுப் பட்டியலிலிருந்து தற்செயல் முறையில் அவை தெரிந்தெடுக்கப்படுகின்றன. 12 சொற்களுக்கே அமையக்கூடிய சேர்க்கைகளின் எண்ணிக்கை 39 இலக்கங்கள் கொண்டது. எனவே எவரும் ஊகித்து அறிய இயலாது. இச்சொற்களே திறவுகோலின் எழுத்து வடிவம். கருவி உடைந்தாலும் தொலைந்தாலும், இதே முறையைப் பின்பற்றும் வேறொரு கருவியில் இவற்றை உள்ளிட்டு நாணயங்களை மீட்கலாம். அவ்வாறே, இவற்றைக் கண்ட வேறெவரும் கருவியே இல்லாமல் அனைத்தையும் எடுத்துவிடலாம்.

இச்சொற்களைத் தனி அறையில், கண்காணிப்புக் கேமராவோ கைப்பேசியோ அருகில் இல்லாதபோது, தாளில் கையால் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் இடுங்கள். வரிசை மாறினால் திறவுகோலும் மாறிவிடும். ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதுவது நலம். ஒலிப்பை வைத்துத் தமிழில் எழுதி வைத்தால், சில ஆண்டுகளுக்குப் பின் எழுத்துக்கூட்டலில் ஐயம் எழும். ஆங்கிலம் பழகாத பெரியவர்கள் திரையிலுள்ள எழுத்துகளை அப்படியே பார்த்து எழுதிக்கொள்ளலாம். பட்டியலில் ஒவ்வொரு சொல்லின் முதல் நான்கு எழுத்துகளும் வேறு எச்சொல்லிலும் வாராதவை என்பதால், அந்நான்கும் பிழையின்றி இருப்பது இன்றியமையாதது.

செய்யக் கூடாதவை இவை: சொற்களைப் படம் எடுக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் தமக்குத் தாமே அனுப்பிக்கொள்ளக் கூடாது. மின்னஞ்சலிலோ இணையச் சேமிப்பகத்திலோ வைக்கக் கூடாது. அச்செடுக்கவும் நகலெடுக்கவும் கூடாது. எந்த வலைத்தளத்திலும் செயலியிலும் தட்டச்சு செய்யக் கூடாது. மீட்கும் வேளையில் கருவியின் திரை சொல்லும் முறைப்படி உள்ளிடுவது ஒன்றே ஏற்றது.

ஓடிபி எண்ணை வங்கி ஒருபோதும் கேட்பதில்லை என்று நாம் பலமுறை கூறி வந்துள்ளோம். மீட்புச் சொற்களுக்கும் அதுவே விதி. 2020இல் லெட்ஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் கசிந்தன. ஏறத்தாழ 2,72,000 பேரின் பெயர், அஞ்சல் முகவரி, தொலைபேசி எண் ஆகியவை பொதுவெளியில் வந்தன. அடுத்த ஆண்டில் அவர்களுள் சிலருக்கு, பாதுகாப்புக் கருதி மாற்றித் தருவதாகக் கூறும் கடிதத்துடன் போலிக் கருவிகளே அஞ்சலில் வந்து சேர்ந்தன. கடிதம், தொலைபேசி, மின்னஞ்சல் என எவ்வழியில் வந்தாலும், மீட்புச் சொற்களைக் கேட்பவர் மோசடிக்காரரே.

பின் எண்ணும் ஒத்திகையும்

பின் எண் கருவியைத் திருடியவரைத் தடுப்பதற்கானது. பிறந்த ஆண்டு, வாகன எண், ஏடிஎம் பின் ஆகியவற்றைத் தவிர்க்கவும். லெட்ஜர் கருவியில் மூன்று முறையும், டிரெசரில் 16 முறையும் தவறான எண்ணை இட்டால் கருவி தன்னுள் இருப்பதை அழித்துக்கொள்ளும். மீட்புச் சொற்கள் இருப்பவருக்கு அது சிறு தொல்லை. இல்லாதவருக்கு அதுவே முடிவு. ஸ்டீஃபன் தாமஸ் என்ற மென்பொருள் வல்லுநர் 7,002 பிட்காயின்களின் திறவுகோலைக் கடவுச்சொல் இட்ட ஒரு சேமிப்புக் கருவியில் வைத்து, அக்கடவுச்சொல்லை எழுதியிருந்த தாளைத் தொலைத்தார். பத்து வாய்ப்புகளில் எட்டு தீர்ந்துவிட்ட நிலையை 2021இல் செய்தித்தாள்கள் எழுதின.

ஆகவே பெருந்தொகையை மாற்றுமுன் ஓர் ஒத்திகை செய்வது கட்டாயம் எனக் கொள்ளுங்கள். முதலில் மிகச் சிறிய தொகையைக் கருவியின் முகவரிக்கு அனுப்புங்கள். அது வந்து சேர்ந்ததும் கருவியை முழுமையாக அழித்து, தாளில் எழுதிய சொற்களைக் கொண்டு மீட்டெடுங்கள். அதே முகவரியும் அதே இருப்பும் தோன்றினால் தாள் சரியானது. தோன்றாவிட்டால் இழப்பு சிறு தொகையோடு நிற்கும். இப்பயிற்சிக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் தேவைப்படாது.

நீங்கள் பயன்படுத்தும் பரிமாற்ற நிறுவனம் நாணயங்களை வெளி முகவரிக்கு அனுப்ப அனுமதிக்கிறதா என்பதையும் முன்கூட்டியே கேட்டறியுங்கள். ஒரே நாணயம் பல வலையமைப்புகளில் இயங்கலாம். அனுப்பும் வலையமைப்பும் பெறும் வலையமைப்பும் ஒன்றாக இல்லாவிடில் பணம் எட்டாத இடத்தில் சிக்கிக்கொள்ளும்.

சிறிய திரையைப் படியுங்கள்

கருவியை முறைப்படி அமைத்தபின்னும் ஓர் இடர் எஞ்சுகிறது. பெரிய நிறுவனங்களே இதில் வீழ்ந்துள்ளன.

2024 ஜூலை 18 அன்று வாசீர்எக்ஸ் நிறுவனம் 23 கோடி டாலருக்கும் மேற்பட்ட மதிப்புள்ள நாணயங்களை இழந்தது. ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய்! அப்பணப்பையைத் திறக்கப் பலரின் கையொப்பம் தேவைப்பட்டது. தம் தரப்பில் கையொப்பமிட்டவர்கள் வன்பொருள் பணப்பைகளையே பயன்படுத்தியதாக நிறுவனம் கூறியது. கணினித் திரையில் காட்டப்பட்டதும், உண்மையில் கையொப்பமிடப்பட்டதும் வெவ்வேறாக இருந்தன என்பதே அது தந்த விளக்கம். 2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் என்னும் வெளிநாட்டு நிறுவனம் ஏறத்தாழ 150 கோடி டாலரை இதை ஒத்த முறையிலேயே இழந்தது.

இரு நிகழ்வுகளிலும் திறவுகோல் கருவியைவிட்டு வெளியேறவில்லை. அது வெளியேற வேண்டிய தேவையே திருடர்களுக்கு இருக்கவில்லை. உரிய அலுவலர்களே, உரிய கருவியைக் கொண்டே, தவறான தாளில் கையெழுத்திட்டனர். வெற்றுக் காசோலையில் கையொப்பமிடாதீர்கள் என்று நம் முன்னோர் சொல்லி வந்த அறிவுரையின் புதிய வடிவம் இது.

எனவே கணினித் திரையை நம்பாமல் கருவியின் சிறிய திரையில் தோன்றுவதையே ஆதாரமாகக் கொள்ளுங்கள். நகலெடுத்து ஒட்டும் முகவரியை நொடியில் மாற்றிவிடும் தீநிரல்கள் உள்ளன. முதல் நான்கும் கடைசி நான்கும் எழுத்துகள் ஒத்த போலி முகவரிகளை உருவாக்கி ஏமாற்றுவதும் நடக்கிறது. ஆதலால் முகவரி முழுவதையும் ஒப்பிடுங்கள். பொருள் விளங்காத எண்ணும் எழுத்துமாகக் கருவி எதையேனும் காட்டிக் கையொப்பம் கேட்டால், மறுத்துவிடுங்கள். இலவச நாணயம் தருவதாகக் கூறும் தளங்களுடன் கருவியை இணைக்கவே வேண்டாம்.

தாளுக்கு இரண்டு இடங்கள்

வங்கியின் பாதுகாப்புப் பெட்டகத்திற்கு இரண்டு சாவிகள் உண்டு. ஒன்று வாடிக்கையாளரிடம், மற்றொன்று வங்கியிடம். கருவூல அறையின் சாவிகளும் ஒரே அலுவலரிடம் இருப்பதில்லை. ஒருவரின் தவறோ மறதியோ மரணமோ அனைவரின் செல்வத்தையும் அழிக்கக் கூடாது என்பதற்காகவே இவ்வேற்பாடு. வன்பொருள் பணப்பையை ஏற்பவர் இப்பொறுப்பையும் ஏற்கிறார்.

மீட்புச் சொற்களின் இரண்டு படிகளை இரண்டு கட்டடங்களில் வையுங்கள். 2022 செப்டம்பர் மழையில் பெல்லந்தூர்ப் பகுதியின் விலையுயர்ந்த வீடுகளுக்குள்ளும் வெள்ளம் புகுந்ததை நாம் கண்டோம். காகிதம் நீருக்கும் நெருப்புக்கும் தாங்காது. எழுத்துகளைப் பொறித்து வைக்கும் துருப்பிடிக்காத எஃகுத் தகடுகள் கிடைக்கின்றன. ஒரு படியை வங்கிப் பெட்டகத்தில் உறையிலிட்டு வைக்கலாம். ஆனால் பெட்டகத்தில் இருப்பது என்ன என்பதை வங்கி அறியாது. வங்கியின் குறையால் திருட்டோ தீயோ நேர்ந்தாலும், ரிசர்வ் வங்கியின் விதிப்படி இழப்பீடு ஆண்டு வாடகையின் நூறு மடங்கே. நாணயங்களின் மதிப்பு கணக்கில் வாராது. கருவி, பின் எண், மீட்புச் சொற்கள் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் இருத்தல் ஆகாது.

குடும்பத்தார் அறிய வேண்டியது

2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்கொன்றிற்கு நான்கு பேர் வரை வாரிசுதாரராக நியமிக்கலாம். கணக்கு வைத்திருப்பவர் மறைந்தால், உரிய சான்றுகளைப் பெற்று வங்கி பணத்தை ஒப்படைக்கும். வன்பொருள் பணப்பைக்கு நியமனப் படிவம் இல்லை; சென்று கேட்க ஓர் அலுவலகமும் இல்லை. சொற்கள் கிடைக்காவிடில் இறப்புச் சான்றிதழும் நீதிமன்ற ஆணையும் அந்தப் பேரேட்டை அசைக்கமாட்டா.

அதனால், கருவியை அமைத்த அதே வாரத்தில் ஒரு கடிதம் எழுதி வையுங்கள். இத்தகைய சொத்து இருக்கிறது, கருவி இந்த இடத்தில் உள்ளது, சொற்கள் இன்னின்ன இடங்களில் உள்ளன, நம்பத்தக்கவர் இன்னார் என்பன அதில் இருக்கட்டும். சொற்களை அதில் எழுத வேண்டாம். உயிலிலும் எழுத வேண்டாம், ஏனெனில் உயில் பலர் கைக்குச் செல்லும். ஒத்திகையைத் துணைவரையும் உடன் வைத்துக்கொண்டு ஒருமுறை செய்து காட்டினால், பிற்காலத்தில் அவர் இடைத்தரகரை நாட வேண்டியிராது.

வரிக் கடமையும் உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் இத்தகைய சொத்தை விற்ற ஆதாயத்தின் மீது 30 விழுக்காடு வரியும், அதன்மேல் கூடுதல் தீர்வையும் விதிக்கப்படுகின்றன. ஒன்றில் கண்ட இழப்பை மற்றொன்றின் ஆதாயத்தில் கழிக்க இயலாது. அவ்வாண்டு ஜூலை 1 முதல் விற்பனையில் 1 விழுக்காடு மூலத்திலேயே பிடிக்கப்படுகிறது. நாணயங்களைத் தம் கருவிக்கு மாற்றிக்கொண்டவர், வாங்கிய நாள், விலை, மாற்றிய நாள் ஆகியவற்றைத் தாமே குறித்து வைக்க வேண்டும். பரிமாற்ற நிறுவனத்தின் அறிக்கையில் அதன் பின்னர் நிகழ்ந்தவை இரா.

ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால் தயங்காமல் 1930 என்ற எண்ணை அழைத்துத் தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்யுங்கள். பெங்களூருவில் இதற்கெனத் தனிக் காவல் நிலையங்கள் உண்டு. வங்கிக் கணக்கிலிருந்து சென்ற பணத்தை விரைந்து கேட்டால் இடைமறிக்க வாய்ப்பு உண்டு. பேரேட்டில் பதிவாகிவிட்ட கிரிப்டோ மாற்றத்தைத் திருப்ப எவராலும் இயலாது. அது ஏதேனும் பரிமாற்ற நிறுவனத்தை அடையும்போது முடக்கும்படி கோரலாம், அவ்வளவே.

இவற்றையெல்லாம் படித்தபின், இத்தனை பொறுப்பு நமக்கு வேண்டுமா என்று வாசகர் ஒருவர் நினைப்பாராயின், அதுவும் நல்ல முடிவே. காவல், இரட்டைச் சாவி, வாரிசு நியமனம், கணக்கேடு ஆகிய யாவும் வங்கிக் கணக்கில் ஓசையின்றி நடைபெறுகின்றன. தம் திறவுகோலைத் தாமே வைத்துக்கொள்ள விரும்புவோர் இவ்வனைத்தையும் தாமே செய்ய வேண்டும். அதற்கு ஆயத்தமானவர்கள், ஒத்திகை முடியும் வரை ஒரு நாணயத்தையும் மாற்றாதிருப்பார்களாக.